தூக்கத்தில் தகராறு

நர்மதாவுக்குத் தூங்கத் தெரிந்த மாதிரி எங்கள் ஊரில் வேறு யாருக்கும் தூங்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பால் சங்கத்து மேசைக்குப் பின்னால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஒரு கை கீபோர்டில் இருக்க, இரண்டு நிமிடம் தூங்குவாள். கேன் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் கண் திறக்கும். எந்த வார்த்தையில் விட்டாளோ அங்கிருந்தே பேச்சைத் தொடர்வாள். ஒரு நாள், "எங்க மாமியாரு ஊட்டுல இருந்து கொண்டாந்த பூசணிக்காயி..." என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் கண்ணை மூடிவிட்டாள். நான் வெளியே போய் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு வந்தேன். யாரோ கேனைத் திறந்தார்கள். கண் திறந்தவள், "வெட்டிப் பாத்தா உள்ள பூரா புழுவுங்ணா" என்று முடித்தாள்.

பாவம், அவளுக்கு வேறு நேரம் கிடையாது. நாலரைக்கு எழுந்து, வீட்டு மாடு இரண்டையும் கறந்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு கட்டி, ஆறு மணிக்குள் சங்கத்துக் கதவைத் திறந்தாகவேண்டும். கணவன் டிராக்டர் ஓட்டுகிறவன். உழவுக் காலத்தில் அவனை வீட்டில் பார்ப்பதே அபூர்வம்.

நான் பூபதிராஜா. எல்லைக்கு மலையாளப் பக்கம், மீனாட்சிபுரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரட்டுப்புதூர் பால் சங்கத்தின் தலைவர். தலைவர் என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் தென்னந்தோப்பும் நாலு வெள்ளைச் சட்டையும் உள்ளவனைப் பிடித்து, வேறு யாரும் ஒத்துக்கொள்ளாத வேலையில் உட்கார்த்திவைப்பார்கள். கையெழுத்துப் போடுவேன், கூட்டத்தில் மாலை வாங்குவேன், ஏதாவது கெட்டுப்போனால் போன் பண்ணுவேன். சங்கத்தை உண்மையில் நடத்துவது நர்மதாதான்.

அவள் பிறந்தது எலப்புள்ளியில். பி.காம். படித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். மெஷினிலிருந்து வரும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை. அங்கேதான் அந்தப் பழக்கம் வந்திருக்கவேண்டும். எங்கள் ஊரில் ஒரு சாமான் ஓடவில்லை என்றால் முதலில் ஒரு தட்டு தட்டுவோம். அதற்கும் ஓடவில்லை என்றால் பலமாகத் தட்டுவோம். நர்மதா தட்டமாட்டாள். அதன் முன்னால் உட்கார்ந்து, "நிக்கறதுக்கு முன்னால நீ என்ன பண்ணிட்டிருந்தே" என்று கேட்பாள். வாய்விட்டே கேட்பாள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, சங்கத்துக்கு லேப்டாப் வந்தபோது மூன்று பேர் வேலை கேட்டு வந்தார்கள். இரண்டு பேர் நாற்காலி எங்கே என்று பார்த்தார்கள். இவள் பிளக் பாயின்ட் எங்கே என்று பார்த்தாள். அப்படி எடுத்தோம். தற்காலிக வேலைதான். வருஷா வருஷம் நிர்வாகக் குழு கூடிப் புதுப்பிக்கவேண்டும்.

வேலை இப்படி நடக்கும். கேனோடு வருகிறவரின் பாலில் கொஞ்சம் சின்ன பாட்டிலில் எடுத்துக் கொழுப்பு பார்க்கும் மெஷினில் வைப்பாள். மிச்சத்தைத் தராசின் மேலிருக்கும் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். எடை ஒயர் வழியாக லேப்டாப்புக்குப் போகும், சீட்டு அச்சாகும். நாங்கள் எடுப்பது எடைக் கணக்குத்தான். பேச்சில் மட்டும் லிட்டர் என்போம். தராசின் சிவப்பு எண் தெரியும் பெட்டி மேசைக்குக் கீழே அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பால் ஊற்றுகிறவர்கள் பார்ப்பதற்கென்று வெளியே இருந்த இன்னொரு பெட்டி போன மழையில் நனைந்து செத்துவிட்டது. புதிது வைக்கவேண்டும் என்று மூன்று கூட்டங்களில் தீர்மானம் போட்டோம். மூன்றும் நல்ல தீர்மானங்கள்.

இனி என் கெட்ட பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். ஆளில்லாத இடத்தில் விளக்கோ ஃபேனோ ஓடினால் என் கை சும்மா இருக்காது. என் மனைவி உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை இரண்டு முறை அணைத்திருக்கிறேன். தை மாதக் கடைசியில் நர்மதா, மகளின் பள்ளி ஆண்டு விழா என்று ஒரு நாள் லீவு கேட்டாள். அன்றைக்கு நான் உட்கார்ந்தேன். கூட்டம் வடிந்த பிறகும் லேப்டாப் திரை பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த லேப்டாப் மாவட்ட ஆபீஸ் கொடுத்தது. அமைப்புகளை மாற்ற பாஸ்வேர்ட் வேண்டும். அது தலைவரின் டைரியில் மட்டும் இருக்கும். டைரியைப் பார்த்து, எண்களைப் போட்டு, உள்ளே போனேன். 'எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தூங்கவேண்டும்' என்று ஓர் இடம். 'எப்போதும் வேண்டாம்' என்று வைத்திருந்தார்கள். மூன்று நிமிடம் என்று மாற்றினேன். நாட்டுக்கே கரன்ட் மிச்சம் பண்ணிவிட்ட மிதப்போடு வீட்டுக்குப் போனேன்.

நர்மதாவிடம் சொல்லவில்லை. "ஏனுங்ணா, ஊட்டுல எதை வேணும்னாலும் அணைச்சுக்குங்க. இதுல மட்டும் கை வெச்சுறாதீங்க" என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அதன் பிறகு சங்கத்தில் இரண்டு தகராறுகள் ஆரம்பித்தன. ஒன்று கம்ப்யூட்டரோடு, இன்னொன்று கமலாத்தாளோடு. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எவனுக்கும் தோன்றவில்லை.

எங்கள் சங்கத்தில் ஏழு மணிக்குள் கூட்டம் முடிந்துவிடும். கூட்டத்தின் கடைசியில் ஈஸ்வரன் வருவார். ஒரே மாடு, நாலு லிட்டர். அவர் ஊற்றிவிட்டுப் போனால் பத்துப் பதினைந்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். அப்புறம் வாய்க்கால் கரைக் கடைசி வீட்டிலிருந்து கமலாத்தாள் வருவார். அதோடு கடை கட்டல். அந்த இடைவெளியில் லேப்டாப் திரை கறுத்துவிடும். பட்டனைத் தட்டினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். சில நாள் ஃபேன் மட்டும் ஓடும், திரை வராது. அப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஏற்றவேண்டும். அதற்குள் டேங்கர் டிரைவர் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிவிடுவான்.

கமலாத்தாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இரண்டு மாடு, தனி ஆள், ஊரிலேயே நீளமான நாக்கு. தினம் பதினொரு லிட்டர் ஊற்றுகிறவர். ஒரு நாள் சீட்டைப் பார்த்து, "ஏம்மிணி, இதுல நாலுன்னு போட்டிருக்குது" என்று நிதானமாகக் கேட்டார். மறு வாரம் சத்தமாகக் கேட்டார். மூன்றாவது வாரம் ரோட்டில் நின்று, "என்ற பாலைக் குறைச்சுப் போடறா இந்தத் திருடி" என்று கத்தினார்.

அடுத்த நாள் குழு உறுப்பினர்கள் ஐந்து பேரும் கூடினோம். கமலாத்தாளைச் சீக்கிரமே வரச்சொல்லி, பால் கூட்டத்துக்கு நடுவிலேயே ஊற்றவைத்தோம். சீட்டில் பதினொன்று புள்ளி இரண்டு. சொட்டு குறையவில்லை. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து ஊற்றினார், நாலு என்று வந்தது. எங்களுக்கு அலுத்துவிட்டது. சாயங்காலப் பாலிலும் இதே பாட்டுத்தான். டேங்கரில் ஏற்றும்போது ஏழு லிட்டர் குறைந்தால் கேள்வி வரும், கூடினால் யாரும் கேட்பதில்லை. எனவே அந்தப் பக்கத்திலிருந்தும் விஷயம் வெளியே வரவில்லை.

கமலாத்தாள் விடவில்லை. மாசக் கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, நர்மதாவுக்கு வேலையைப் புதுப்பிக்கக் கூடாது என்று சொல்லப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார். எடையில் கைவைத்தவள் என்ற பெயரோடு ஒரு பெண் இந்த வேலையை விட்டுப் போனால், சுற்றுவட்டாரத்தில் எந்தச் சங்கமும் அவளைப் படியேற்றாது. நர்மதாவுக்கு அது தெரியும்.

ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "திருடின்னு சொல்றதுகூட இருக்கட்டுமுங்ணா. அந்தக்கா பொய் சொல்ற ஆளில்லீங்க. நானும் பொய் சொல்லலை. அப்ப வேற என்னமோ பொய் சொல்லுது. அது எதுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குதுங்க."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவளுக்குக் கட்டிலில் தூக்கம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்.

"அந்தப் பாஸ்வேர்டைக் குடுங்ணா. முன்னால இது இப்பிடித் தூங்காது. யாராவது மாத்திட்டாங்களான்னு பாத்துக்கறேன்" என்றாள்.

"அது ஆபீஸ் விதி அம்மிணி. தலைவரைத் தவிர யாருக்கும் தரக்கூடாது" என்று கம்பீரமாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

நானே திருப்பி மாற்றிவிடலாமென்றால் அவள் அந்த மேசையை விட்டு நகர்வதில்லை. பிராயச்சித்தமாக மாவட்டத்துப் புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். அங்கிருந்து ஆள் வந்து, யாருக்கும் தெரியாமல் சரிபண்ணிவிட்டுப் போய்விடுவான் என்று கணக்கு. ஒரு பெண் எடுத்தாள். பேச்சில் திருச்சூர்ப் பக்கத்து இழுப்பு.

"எங்க கம்ப்யூட்டருக்குத் தூக்கத்துல தகராறுங்க" என்றேன்.

"தூக்கத்திலோ?" என்று அவள் கேட்டாள்.

"தூக்கத்துலதான். வேற எல்லாம் நல்லா இருக்குதுங்க."

அவள் குரல் மாறியது. "இது வளரெ கௌரவமுள்ள பராதியாணு சார்" என்று சொல்லி, ஊர், பெயர் எல்லாம் எழுதிக்கொண்டாள். நான் கொடுத்த புகாரைக் கௌரவமான புகார் என்கிறாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டு மொழியிலும் நாற்பது வருஷமாக மாடு வாங்கி விற்றவன் நான். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை, கௌரவம் என்றால் விஷயம் பெரிசு, தகராறு என்றால் பழுது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா. அன்றைக்கு என் நாக்கு தமிழில் இருந்தது, அவள் காது மலையாளத்தில் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

நாலாம் நாள் காலை, பால் கூட்டத்தின் நடுவில் ஒரு ஜீப் வந்து நின்றது. கையில் பேரேடு போல ஒரு புத்தகத்தோடு இறங்கியவர் பெயர் ஷிஜு என்றார். பின்னால் டிரைவர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்து வைத்தார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவருங்களா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் எனக்கு அறியில்லா. ஞான் தூக்கம் பார்க்கற ஆள்" என்றார். அவருக்குத் தமிழ் பாதி, மலையாளம் பாதி.

"அதுக்குத்தானுங்க கூப்பிட்டோம். நல்லாத் தூங்குதுங்க, எந்திரிக்கத்தான் மாட்டேங்குது."

ஷிஜு என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் புத்தகத்தைப் பார்த்தார். "தராசு தூங்குமோ?" என்றார். மரப்பெட்டியைத் திறந்தார். வரிசையாக எடைக்கற்கள்.

முதலில் புரிந்துகொண்டவள் நர்மதா. மேசையில் தலை சாய்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. "அண்ணா, நீங்க எடையில பழுதுன்னு புகார் குடுத்திருக்கீங்க" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எடையில் பழுது என்று எழுத்தில் போன புகார், அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவள் மேல் போன புகார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவளைத்தான் பார்த்தார்கள்.

நான் தூக்கத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஷிஜுவுக்கு விளக்கினேன். அவரும் சிரித்தார். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. "எழுதின பராதி எழுதினதுதான் சார். சோதிச்சு, சரின்னாலும் தப்புன்னாலும் எழுதிக் கையொப்பம் இட்டுத்தான் போகமுடியும்" என்றார்.

கூட்டம் முடிந்து ஈஸ்வரன் ஊற்றியதும் சோதனை ஆரம்பித்தது. ஈஸ்வரன் உட்படப் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். ஷிஜு இருபது கிலோ வைத்தார், சீட்டில் இருபது வந்தது. பத்து வைத்தார், பத்து. கடைசியாக ஐந்து, அதுவும் சரி. "நல்ல தராசு" என்றார். நர்மதா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. குடித்தோம், மழை வருமா என்று பேசினோம். ஷிஜு திண்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மேசையில் லேப்டாப் திரை கறுத்திருந்தது.

கமலாத்தாள் கேனோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "புகாரு நான் குடுக்கலை. குடுத்த மவராசன் நல்லா இருக்கோணும்" என்றார். வாழ்த்தை நான் மனதுக்குள் வாங்கிக்கொண்டேன். அவர் பாலைப் பாத்திரத்தில் ஊற்றினார். நர்மதா பட்டனைத் தட்டித் திரையை எழுப்பினாள்.

மற்ற நாட்களில் அவள் கண் திரையில் இருக்கும், கை பாட்டிலில் இருக்கும். அன்று சோதனை நடந்த நாள் அல்லவா, குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். கீழே சிவப்பு எண்ணில் பதினொன்று புள்ளி மூன்று. மேலே திரையில் ஐந்து. ஷிஜு கடைசியாக வைத்த கல்லின் எடை.

சீட்டு இன்னும் அச்சாகவில்லை. ஷிஜுவின் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. தராசு சரி, குறை ஒன்றுமில்லை என்று எழுதி முடித்து, கையெழுத்துக்குப் பேனாவைக் கொண்டுபோயிருந்தார். அந்தக் கையெழுத்து விழுந்தால் நர்மதா மேல் இனி யாரும் விரல் நீட்டமுடியாது. உண்மையைச் சொல்கிறேன், 'பேசாம இரு அம்மிணி' என்றுதான் என் மனது சொன்னது.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "சார், கையெழுத்துப் போடாதீங்க. எடை தப்பா வருதுங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் அவள் முகத்தில் பயத்தை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது சந்தோஷம். தொலைந்த மூக்குத்தி கிடைத்தவள் மாதிரி நின்றாள். "கண்டுபிடிச்சுட்டனுங்ணா. பொய் சொன்னது இதுதானுங்க" என்று லேப்டாப்பைக் காட்டினாள். "அக்கா, நீங்க சொன்னது நெசந்தான். ரெண்டு மாசமா நீங்க சொன்னது அத்தனையும் நெசம்."

கமலாத்தாள் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. நான் அதை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஷிஜு எழுந்து வந்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "விளக்கிச் சொல்லணும்" என்றார்.

"இது தூங்கறதுன்னா முழுசா அணையறது இல்லீங்க சார்" என்று ஆரம்பித்தாள். "மூளைக்கு லீவு, திரைக்கு லீவு, ஃபேனுக்கு லீவு, ஒயரு சொருகற ஓட்டைக்கெல்லாம் கரன்ட் நின்னுபோயிரும். ஞாபகத்துக்கு மட்டும் துளித்துளியாக் கரன்ட் போயிட்டே இருக்கும். அதனாலதான் தட்டுனதும் விட்ட இடத்துலயே வந்து நிக்குது. ஆனா எந்திரிக்கையில ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா எழுப்போணுமுங்க. தராசு ஒயரும் எந்திரிக்குது. எந்திரிச்சு, நான் புதுசா வந்திருக்கறேன்னு சொல்லுது. நம்ம பால் புரோகிராமுக்கு அது தெரியலீங்க. தூங்கறதுக்கு முன்னால இருந்த பழைய வழியையே பாத்துட்டு உக்காந்திருக்குது. அந்த வழில இனி யாரும் வரமாட்டாங்க. அதனால கடைசியாக் கேட்ட எடையையே புது எடைன்னு காட்டுது."

"அதுக்குத் தெளிவு வேணும்" என்று அத்தாட்சி கேட்டார் ஷிஜு.

பால் புரோகிராமை மூடினாள். தராசு ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். புரோகிராமைத் திறந்தாள். பதினொன்று புள்ளி மூன்று. "இனி இது தூங்கட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு ஆண்களும் ஓர் அதிகாரியும் ஒரு ஜீப் டிரைவரும் கமலாத்தாளும் மூச்சு விடாமல் ஒரு லேப்டாப் தூங்குவதற்காகக் காத்திருந்தோம். ஒருவர் தும்மினார், பக்கத்தில் நின்றவர் அவரை முறைத்தார். மூன்றாவது நிமிடம் திரை கறுத்தது. தட்டி எழுப்பி, பாத்திரத்துப் பாலை வேறு கேனில் சாய்த்துவிட்டுப் பத்துக் கிலோ கல்லை வைத்தாள். கீழே பத்து, மேலே பதினொன்று புள்ளி மூன்று. இன்னொரு முறை தூங்கவைத்தாள், அப்போதும் அதே கதை. கூட்டத்துக்கு நடுவில் சோதித்தபோது ஏன் சரியாக வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் இருக்கும்போது அதற்குத் தூங்க நேரம் கிடைப்பதில்லை.

ஷிஜுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன்னால் இது இப்படித் தூங்காது என்றும் நர்மதா சொன்னாள். ஆனாலும் அவர் வேலை பாக்கி இருந்தது. "மூணு நிமிடத்தில தூங்கணும்னு மாற்றினது யார்? எழுதணும்" என்றார். பேனா புத்தகத்தின் மேல் நின்றது. மேசையில் உட்காருகிறவள் அவள், கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. மறுபடியும் எல்லாக் கண்ணும் அவள் மேல் போயிற்று.

"எனக்குத் தெரியலீங்க" என்றாள் அவள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. பாஸ்வேர்ட் டைரியில் பத்திரமாக இருந்தது, சாட்சி யாருமில்லை. ஆனால் கையெழுத்தை நிறுத்தியவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான்தானுங்க. கரன்ட் மிச்சமாகட்டும்னு மாத்தினேன்" என்றேன்.

ஈஸ்வரன், "தலைவரு ஊட்டுல குளிக்கையிலயே லைட்டை அணைப்பாருங்க சார்" என்றார். எப்படித்தான் அது வெளியே போயிற்றோ தெரியவில்லை. கூட்டம் வெடித்துச் சிரித்தது. நர்மதா என்னை முறைக்கப் பார்த்தாள், முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள். டைரியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். விதியாவது ஒன்றாவது.

அவள் உள்ளே போய், என்னமோ ஒரு பட்டியலைத் திறந்தாள். அந்த லேப்டாப் எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எதனால் எழுந்தது எல்லாவற்றையும் நிமிடம் தவறாமல் அதுவே எழுதிவைத்திருந்தது. கமலாத்தாளின் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது எழுந்த நேரத்துக்கு அடுத்த நிமிடத்தில் போட்ட சீட்டுகள் மொத்தம் அறுபத்தெட்டு. அறுபத்தெட்டிலும் அதற்கு முன்னால் ஊற்றிய ஈஸ்வரனின் எடை அப்படியே இருந்தது. அணைத்து ஏற்றிய வேளைகளில் மட்டும் எடை சரியாக விழுந்திருந்தது.

"அப்ப ரெண்டு மாசமா என்ற ஒத்தை மாடு ரெண்டு பேருக்குக் கறந்திருக்குதுங்களா" என்றார் ஈஸ்வரன்.

அறுபத்தெட்டு வேளைக்கும் குறைந்துபோன பாலைக் கமலாத்தாளின் பெயரில் ஏற்றித் தருவதாக அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பால் எடுக்கிற நேரத்தில் லேப்டாப் தூங்கவே கூடாது என்று நர்மதா மாற்றினாள். வேலை முடிந்து தூங்கவைப்பதென்றாலும் புரோகிராமை மூடிவிட்டுத்தான் செய்யவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, தலைவர் கவனத்துக்கு என்று தலைப்புப் போட்டுச் சுவரில் ஒட்டினாள்.

ஷிஜு கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். "சேச்சி, இந்தப் பெண்ணின் மேல உங்களுக்குப் பராதி ஏதாவது உண்டா? உண்டெங்கில் இப்போ சொல்லணும். எழுதி முடிச்சா முடிஞ்சது" என்று கமலாத்தாளிடம் கேட்டார்.

கமலாத்தாள் அதுவரை கேனைப் பிடித்தபடி ஒரே இடத்தில் நின்றிருந்தார். கேனைக் கீழே வைத்தார்.

"இருக்குதுங்க. எழுதிக்குங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்மதாவின் முகம் சுருங்கியது.

"ரெண்டு மாசம் இந்த ரோட்டுல நின்னு இவளைத் திருடி, திருடின்னு கத்தினனுங்க. ஒரு நாளாவது திருப்பிக் கத்தியிருக்கலாமல்லங்க? கத்தலை. இன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா இவ தப்பிச்சிருப்பா, நான் பைத்தியக்காரின்னு ஆயிருப்பேன். அதை நிறுத்தி என்ற சொல்லைக் காப்பாத்திட்டா. மாசக் கடைசில இவளை அந்த நாற்காலில இருந்து எழுப்பறவங்க மொதல்ல எங்கிட்ட வந்து பேசட்டும். அது வேற. ஆனா இப்ப நான் இவ மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது சொல்லுங்க. இதுதானுங்க என்ற புகாரு."

ஷிஜு எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் பார்த்தார்.

நர்மதா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குனிந்திருந்த கமலாத்தாளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

"இப்பிடித்தானுங்க்கா. நேராப் பாருங்க" என்றாள்.